கிலுக்கு முதலில் நிற்கும்

மேளத்துக்குப் புதிதாக வந்திருக்கும் தம்பி தங்கைகளுக்கு எதையாவது எழுதிக் கொடுங்கள் என்று சங்கத்தில் கேட்டார்கள். நையாண்டி மேளத்தின் பழம்பெருமையை எழுதுங்கள் என்றார்கள். எனக்குப் பெருமை எழுத வராது. முப்பத்தைந்து வருஷம் இடுப்பில் பம்பை கட்டி அடித்தவன் நான். கயிறு உரசின தழும்பு இன்னும் இருக்கிறது. வேண்டுமானால் அதைக் காட்டுகிறேன். இங்கே எழுதப்போவது நான் செய்த ஒரு தப்பைப் பற்றி. பெருமை வேண்டும் என்பவர்கள் இந்த இடத்திலேயே மூடி வைத்துவிட்டு வேறு வேலை பார்க்கலாம்.

அதற்கு முன் ஒரு விஷயத்தைத் தீர்த்துவிடுகிறேன். கீபோர்டு வந்தது, கரண்டில் எல்லாச் சத்தமும் போடுகிற பேடு வந்தது, செண்டை வந்தது, மேளம் கெட்டுப்போச்சு என்று ராஜபாளையம் பழைய பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் உட்கார்ந்து புலம்புகிற என் வயதுக்காரர்களை நம்பாதீர்கள். நான் சேர்ந்த காலத்தில் எங்கள் செட்டில் இரண்டு நாகசுரம், இரண்டு தவில், ஒரு பம்பை, ஒரு தமுக்கு, ஒரு ஜோடித் தாளம். ஆதியிலிருந்து இப்படித்தான் என்று நானும் நினைத்தேன். அப்புறம் விசாரித்தால், எங்களுக்கு முந்தின ஆட்கள் நாகசுரத்தில் சினிமாப் பாட்டு வாசிக்க ஆரம்பித்தபோது, அதற்கு முந்தின ஆட்கள் தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்களாம். மேளம் எப்போதும் கெட்டுக்கொண்டேதான் வந்திருக்கிறது. கெட்டுக் கெட்டுத்தான் உயிரோடும் இருக்கிறது. எவனாவது சுத்தமான மேளம் என்று பேசினால், எந்த வருஷத்து மேளம் என்று கேளுங்கள். பதில் வராது.

நான் கொண்டுவந்தது பாங்கோஸ். அதோடு மராக்கஸ்.

இது எங்கிருந்து வந்தது என்று கேட்டால் சிரிப்பீர்கள். அப்போது ராஜபாளையத்தில் ஒரு மில் தொழிலாளி இருந்தார். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் கிதார் வாசிப்பார், சனிக்கிழமை மெல்லிசைக் கச்சேரியில் பாங்கோஸ் வாசிப்பார். அவருடைய மச்சான் தூத்துக்குடியிலிருந்து கப்பலுக்குப் போகிறவர். எந்தத் துறைமுகத்திலோ வாங்கிய கேசட்டுகள் ஒரு பிஸ்கட் டின் நிறைய அவரிடம் இருந்தன. ஷிப்டு முடிந்து வந்து, பனியனோடு உட்கார்ந்து அதைப் போட்டுக் காட்டுவார். கியூபா என்று ஒரு தீவாம். கரும்பு விளைகிற தீவு. கிழக்கே மலைப்பக்கத்துச் சனங்கள் தங்கள் வீட்டு விசேஷத்தில் வாசித்த மேளமாம் அது. பெயர் சோன். ஒரு நரம்பு வாத்தியம், பாங்கோஸ் என்கிற ஒரு ஜோடிச் சின்னக் கொட்டு, மராக்கஸ் என்கிற விதை போட்டுக் குலுக்குகிற சுரைக்குடுக்கை, அவ்வளவுதான் முதலில். மலையிலிருந்து வேலை தேடி இறங்கின ஆட்களோடு அந்த மேளமும் பட்டணத்துக்குப் போனது. அங்கே எக்காளம் சேர்ந்தது, அப்புறம் பியானோ சேர்ந்தது, பெரிய கொட்டு சேர்ந்தது. பட்டணத்திலிருந்து கடல் தாண்டி உலகம் முழுக்கப் போனது.

கதையைக் கேட்கும்போதே எனக்கு எங்கள் கதை மாதிரி இருந்தது. சேத்தூரில் தொடங்கின செட்டு ராஜபாளையத்துக்கு வந்தால் ஒரு வாத்தியம் கூடும், மதுரைக்குப் போனால் இன்னொன்று கூடும். கேட்கக் கேட்க எனக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது. அந்தப் பாட்டின் முதல் பாதி கதை சொல்கிற மாதிரி போகும். பின்பாதியில் ஒரே அடி சுற்றிச் சுற்றி வரும். ஒருத்தன் ஒரு வரி பாடுவான், மற்றவர்கள் பதில் பாடுவார்கள், அடி மட்டும் மாறாது. உட்கார்ந்திருக்கிறவன் கால் தானாக ஆடும். இதை நம் மேளத்தில் ஏற்றிவிட்டால் ஜில்லாவில் நம்மை அடிக்க ஆளில்லை என்று முடிவு கட்டினேன்.

அந்தக் கிதார்க்காரர் ஒன்று சொன்னார். "அண்ணே, இது ஆட்டத்துக்கு வாசிக்கது. ஆடுதவன் அலுத்துப்போனா ஓரமா போய் உக்காந்துக்கிடுவான். அடி அதுபாட்டுக்குப் போய்க்கிட்டே இருக்கும்."

காதில் வாங்கினேன். மண்டையில் வாங்கவில்லை.

எங்கள் செட்டின் தவில்காரர் என்னைவிடப் பத்து வயது மூத்தவர். பெயர் எழுத வேண்டாம் என்று சொல்லிவிட்டுச் செத்துப்போனார், எழுதவில்லை. ஆறு மாதம் பழகினோம். தமுக்குக்காரரிடம் மராக்கஸைக் கொடுத்தேன். அவர் அதற்குக் கிலுக்கு என்று பெயர் வைத்தார். அந்த அடிக்கு ஏற்றபடி நாகசுரக்காரர்கள் பாட்டைப் பிடித்தார்கள். தவில்காரர் மட்டும் ஒவ்வொரு நாளும் ஒரே கேள்வியைக் கேட்டார்: "இது எங்கலே முடியும்?" முடிகிற இடம் எதற்கு அண்ணே, அதுதானே இதன் அழகு என்பேன். அவர் வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்து மறுபடி தவிலை எடுப்பார்.

தேவதானத்துக்கும் சேத்தூருக்கும் நடுவே ஒரு சின்ன ஊர், அதில் ஒரு தெருவின் அம்மன் கோயில். சித்திரைப் பொங்கலுக்கு வருஷா வருஷம் நாங்கள்தான். அங்கே மூன்று வருஷமாகப் பொன்னுத்தாய் என்கிற பெண்மேல் ஆத்தா வருவாள். அப்போது அவளுக்கு முப்பதுக்குள்தான் வயது. ராஜபாளையத்தில் நூல் மில்லில் வேலை. ஷிப்டு முழுக்க மிஷினுக்கு மிஷின் நடந்து அறுந்த இழையை ஒட்டுகிற வேலை. தற்காலிகம். அந்த வருஷம் பெர்மனென்ட் ஆக்குவதாகச் சொல்லியிருந்தார்கள்.

புதிய ஆட்களுக்காகச் சொல்கிறேன். சாமியாட்டத்துக்கு அடிப்பதில் இரண்டு வேலை உண்டு. ஒன்று அழைப்பு. அடியை ஏற்றி ஏற்றிச் சாமியை வரவழைப்பது. இன்னொன்று மலையேற்று. சாமி ஆடி முடித்து ஆளை விட்டுப் போவதை மலையேறுவது என்கிறோம். அப்போது அடியைப் படிப்படியாகத் தணித்துக்கொண்டு வர வேண்டும். பம்பையில் ஒரு பக்கம் கணீரென்று பேசும், மற்ற பக்கம் அடிவயிற்றில் உறுமும். அந்த உறுமலில்தான் மலையேற்று அடிப்போம். நடுவில் சட்டென்று நிறுத்தினால் ஆடுகிற ஆள் மரம் மாதிரி விழும். சுந்தரபாண்டியத்தில் மழைக்குப் பயந்து ஒரு செட்டு பாதியில் கையை எடுத்து, சாமியாடி படிக்கல்லில் மண்டை மோதினதை நான் நேரில் பார்த்திருக்கிறேன்.

இவ்வளவு தெரிந்தவன், அன்றைக்குப் பம்பையை வீட்டில் வைத்துவிட்டுப் போனேன். பாங்கோஸ் இருக்கும்போது அந்தக் கட்டை எதற்கு என்று நினைத்தேன்.

உச்சி நேரத்துப் பூஜை. அந்த வருஷம்தான் கோயிலைச் சுற்றிச் சிமெண்டுத் தளம் போட்டிருந்தார்கள். அதுவரை மண் தரை. பொங்கல் பொங்கி முடிந்ததும் பழைய அடியில் அழைத்தோம். பொன்னுத்தாய்மேல் ஆத்தா வந்தாள். கோயிலை இரண்டு சுற்று வந்தாள். மூன்றாவது சுற்றில் நான் பாங்கோஸை எடுத்தேன், கிலுக்கு சேர்ந்தது.

ஊரே திரும்பியது. அப்படி ஒரு சத்தத்தை அங்கே யாரும் கேட்டதில்லை. கூட்டம் நெருக்கிக்கொண்டு எங்களைச் சுற்றி வளையம் கட்டியது. விசில் அடித்தார்கள். ஒருத்தன் துண்டைச் சுழற்றி ஆடினான். நான் அந்த முகங்களைப் பார்த்தேன், என் விரல்களைப் பார்த்தேன். பார்க்க வேண்டிய ஆளை மட்டும் பார்க்கவில்லை.

வழக்கமாக மூன்றாவது சுற்று முடிகிறபோது பொன்னுத்தாயின் கைகள் தாழும். அதுதான் எங்களுக்கு அடையாளம். உடனே மலையேற்று பிடிக்க வேண்டும். அன்று அவள் கை தாழ்ந்திருக்கிறது. எங்கள் அடி சுற்றி வந்து மறுபடி அவளைத் தூக்கியிருக்கிறது. மறுபடி கை தாழ்ந்தது, மறுபடி தூக்கியது. தவில்காரர் பார்த்துவிட்டு எனக்குக் கண்ணைக் காட்டினார். பாராட்டுகிறார் என்று நினைத்து நான் பல்லைக் காட்டினேன்.

எவ்வளவு நேரம் போனது என்று எனக்குத் தெரியாது. கூட்டத்தைப் பிளந்துகொண்டு அவளுடைய புருஷன் வந்தான்.

"யோவ், எம்புட்டு நேரமாய்யா அடிப்பிய? அவ காலப் பாருங்கய்யா."

பார்த்தேன். சிமெண்டில் அவள் கால் வைத்த இடமெல்லாம் ஈரத் தடம். சாமியாடி காலில் தண்ணீர் ஊற்றுவது வழக்கம், அதுதான் என்று நினைத்தேன். நிமிர்ந்து பார்த்தால் தண்ணீர்க்குடத்தோடு பெண்கள் கூட்டத்துக்கு வெளியே நிற்கிறார்கள். என் பாங்கோஸைப் பார்க்க நெருக்கின கூட்டம் அவர்களை உள்ளே விடவில்லை. அந்த ஈரம் தண்ணீர் இல்லை. உச்சி வெயிலில் கொதிக்கிற சிமெண்டில் அவளுடைய உள்ளங்கால் கொப்புளம் கட்டி உடைந்துகொண்டிருந்தது. அவள் முகத்தில் வலியே இல்லை. அவள் அங்கே இல்லை.

"நிப்பாட்டுங்கய்யா" என்று புருஷன் என் கையைப் பிடிக்க வந்தான். நானும் எடுக்கப்போனேன். தவில்காரர் அடித்துக்கொண்டே குனிந்து என் காதில் சொன்னார்.

"எடுத்தேன்னா அவ விழுந்துருவா. கைய எடுக்காதலே."

இந்த இடத்தை நீங்கள் நன்றாக மனதில் வாங்க வேண்டும். அடித்தால் கால் வேகிறது. நிறுத்தினால் மண்டை உடையும். மலையேற்று அடிக்கப் பம்பை இல்லை. கையில் இருப்பது முடிகிற இடமே இல்லாத ஓர் அடி. அலுத்துப்போனால் உட்கார்ந்துகொள்கிறவனுக்காக உண்டான அடி அது. சாமியாடியால் உட்கார முடியாது.

நான் யோசித்து ஒன்றும் செய்யவில்லை. யாராவது அப்படிச் சொன்னால் நம்பாதீர்கள். கை போன வழியில் போனது. முதலில் கிலுக்கை நிறுத்தச் சொல்லிக் கையைக் காட்டினேன். அது அடிக்கும் அடிக்கும் நடுவே இருக்கிற இடைவெளியையெல்லாம் நிரப்பிக்கொண்டிருந்தது. அது நின்றதும் அடிகளுக்கு நடுவே கொஞ்சம் காற்று வந்தது. தவில்காரர் புரிந்துகொண்டார். வலது பக்கத்தை விட்டுவிட்டு இடது பக்கத்தில் மட்டும் அடித்தார், பம்பையின் உறுமலுக்கு ஈடாக. நாகசுரம் பாட்டை விட்டுவிட்டு ஒரே சுரத்தில் நின்றது.

நான் பாங்கோஸை அப்படியே தரையில் போட்டுவிட்டுத் தாளக்காரர் கையிலிருந்த தாளத்தைப் பிடுங்கினேன். பொன்னுத்தாய்க்கு முன்னால் போய்ப் பாதி உடம்பு வளையக் குனிந்தேன். அவள் கால் தரையைத் தொடும்போது ஒரு தட்டு. மறு கால் தொடும்போது ஒரு தட்டு. என் தாளத்துக்கு அவள் ஆடவில்லை, அவள் காலுக்கு நான் தாளம் போட்டேன். போட்டுக்கொண்டே பின்னால் நடந்தேன், கிழக்கே பந்தல் நிழல் இருந்த பக்கமாக. அங்கே இன்னும் மண் தரைதான். பத்துப் பன்னிரண்டு அடி அப்படியே போனது. அதற்குப் பிறகு ஒரு தட்டை மயிரிழை தாமதமாகப் போட்டேன்.

அவள் கால் அந்தரத்தில் ஒரு கணம் நின்று எனக்காகக் காத்திருந்தது.

மறுபடி இன்னும் கொஞ்சம் தாமதித்தேன். காத்திருந்தது. மண் தரைக்கு வந்து சேர்ந்தபோது நடக்கிற வேகத்துக்கு வந்திருந்தாள். கை தாழ்ந்தது. பூசாரி திருநீறு போட்டார். ஆத்தா மலையேறினாள். அடுத்த கணம் பொன்னுத்தாய் காலைப் பிடித்துக்கொண்டு போட்ட சத்தம் இருக்கிறதே, அதை எழுத எனக்கு வராது.

நாலு நாள் கழித்து நானும் தவில்காரரும் அவள் வீட்டுக்குப் போனோம். புருஷன் வாசலில் எங்களைப் பார்த்தான். சைக்கிளை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டான். இரண்டு காலிலும் கட்டோடு அவள் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். மன்னிப்புக் கேட்க வாயைத் திறந்தேன். அவள் கையமர்த்தினாள்.

"ஆத்தா வந்தது தெரியும்ணே. மலையேறத்தான் அவளுக்கு வழி கெடைக்கல. வாசல அடைச்சுப்புட்டு வா வான்னு கூப்புட்டா, பாவம், அவ எங்க போவா?"

அப்போது தவில்காரர் ஒரு கேள்வி கேட்டார். எனக்குத் தோன்றாத கேள்வி.

"தாயி, எந்த எடத்துல உனக்குத் தரை தெரிஞ்சுது?"

அவள் கண்ணை மூடிக்கொண்டாள். "அந்தக் கிலுகிலு சத்தம் நின்னுச்சுல்லா, அப்பதான் தூரத்துல தரைன்னு ஒண்ணு இருக்குன்னு தெரிஞ்சுது. தவிலு கீழ எறங்கவும் என் ஒடம்பு கனத்துச்சு. தாளம் கிட்ட வந்தப்ப என் காலு எனக்குத் தெரிஞ்சுது. அதுக்குப் பொறவுதான் சுட்டுது."

கிளம்பும்போது இன்னொன்றும் சொன்னாள். "அந்தக் கிலுகிலு நல்லாத்தான் இருந்துச்சு. அத விட்ராதிய."

தம்பிகளா, நான் கேட்ட வித்துவான்கள் எத்தனையோ பேர். இப்படி ஒரு பாடத்தை யாரும் எனக்குச் சொன்னதில்லை. காலில் கட்டோடு உட்கார்ந்துகொண்டு ஒரு மில் தொழிலாளி சொன்னாள்.

அவளால் மூன்று வாரத்துக்கு மேல் வேலைக்குப் போக முடியவில்லை. போனபோது அந்த மில்லில் அவள் இடத்துக்கு வேறு ஆள் வந்தாகிவிட்டது. பெர்மனென்டும் போனது, தற்காலிகமும் போனது. அதற்குப் பிறகு சத்திரப்பட்டிப் பக்கம் பேண்டேஜ் துணி மடிக்கிற வேலைக்குப் போனாள். உட்கார்ந்து செய்கிற வேலை. வெகு நேரம் நிற்க அவளால் அப்புறம் முடிந்ததே இல்லை. என்னுடைய புதுமைக்கு அவள் கொடுத்தது இது. நான் கொடுத்தது ஒன்றுமில்லை, எனக்கு விசில் கிடைத்தது. இதை மென்று விழுங்கிச் சொல்ல எனக்குத் தெரியாது.

பாங்கோஸைக் கிணற்றில் போடப்போனேன். தவில்காரர் திட்டினார். "அடிச்சது நீயி, அதப் போயி கெணத்துல போடுதியே? அவ விட்ராதியன்னு சொன்னது ஒன் காதுல விழலையாலே?" அதற்குப் பிறகு அவள் சொன்ன வரிசையை வைத்துக்கொண்டு உட்கார்ந்தோம். முதலில் கிலுக்கு நிற்கும். பிறகு தவில் இடது பக்கம் இறங்கும், பம்பையின் உறுமல் அதோடு சேரும். நாகசுரம் ஒரே சுரத்தில் நிற்கும். கடைசியில் தாளக்காரர் குனிந்து பின்னால் நடந்தபடி, ஆடுகிறவர் காலுக்குத் தாளம் போட்டு நிழலுக்குக் கொண்டுவருவார். அந்தச் சுற்றுகிற அடிக்குள்ளேயே இதற்கு ஓர் இடம் கண்டுபிடித்தோம். எட்டு மாதம் ஆனது. யாருக்காகச் செய்கிறோம் என்று தெரியாமல்தான் செய்தோம். அந்தத் தெருவில் இனி எங்களைக் கூப்பிட மாட்டார்கள் என்பது நிச்சயம்.

பங்குனி மாதக் கடைசியில் தவில்காரர் வீட்டுக்குப் புருஷனும் பெண்டாட்டியுமாக வந்தார்கள். தட்டில் வெற்றிலை பாக்கு. அதே கோயில் பொங்கலுக்கு எங்கள் மேளத்தைப் பேசி வாக்குக் கொடுக்க வந்திருந்தார்கள்.

"எனக்கு இதுல இஷ்டமில்ல" என்று புருஷன் என் முகத்துக்கு நேரே சொன்னான். "அவ கேக்க மாட்டேங்கா."

பொன்னுத்தாய் அவனைப் பார்க்காமல் தவில்காரரிடம் பேசினாள். "வேற செட்டு வந்தா வழி தெரியாதுண்ணே. இவியளுக்கு என் காலு தெரியும்."

அந்த மதியத்தைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. பம்பை இடுப்பில் இருந்தது, பாங்கோஸ் ஸ்டாண்டில் இருந்தது. தண்ணீர் ஊற்றுகிறவர்கள் வர ஒரு பாதை விட்டால்தான் அடிப்பேன் என்று மைக்கில் கறாராகச் சொன்னேன். ஊர்ப் பெரியவர்களுக்குக் கோபம். இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன். சிமெண்டில் ஈரச் சாக்கு விரித்திருந்தார்கள். ஆத்தா வந்தாள். கிலுக்கும் பாங்கோஸும் சேர்ந்தன, கூட்டம் விசிலடித்தது. நான் ஒரு முகத்தையும் பார்க்கவில்லை. அவள் கை தாழ்ந்தது. கிலுக்கு நின்றது. தவில் இறங்கியது. பம்பையைத் தாளக்காரரிடம் மாட்டிவிட்டு, அவர் தாளத்தோடு நானே குனிந்து பின்னால் நடந்தேன். இந்தத் தடவை மூன்றாவது தட்டிலேயே அவள் கால் எனக்காகக் காத்திருந்தது. மண்ணுக்கு வந்து கண்ணைத் திறந்தவளிடம், தரை தெரிந்ததா என்று கேட்டேன். தெரிந்தது என்றாள். புருஷன் ஒரு செம்பில் மோரைக் கொண்டுவந்து எனக்கு முன்னால் நங்கென்று வைத்துவிட்டுப் போனான். அதுதான் அவன் பேச்சு.

அடுத்த நாலைந்து வருஷத்தில் ராஜபாளையத்துச் செட்டுகள் இதைப் பிடித்துக்கொண்டன. அப்புறம் ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பக்கம் போனது. தேவதானத்து அடி என்று பெயரும் வைத்துவிட்டார்கள். எனக்கு ஒரு வேலை இருந்தது, எல்லாருக்கும் காரணத்தைச் சொல்வது. சொல்லவில்லை. எங்கே கற்றாய் என்று கேட்டவர்களிடம், பழைய முறை, எங்களுக்கு முந்தினவர்கள் அடித்தது என்று அளந்துவிட்டேன். ஒரு பெண்ணின் காலை வேகவைத்துக் கண்டுபிடித்தேன் என்று சொல்ல வெட்கம். தவில்காரர் சாகும்வரை இதற்காக என்னைக் கேவலமாகப் பார்த்தார். அவர் பார்த்தது நியாயம்.

போன சித்திரையில் அதே கோயிலுக்குப் போயிருந்தேன். இப்போது வேறு செட்டு. உங்களில் சிலர் அதில் உண்டு. பேடு, கீபோர்டு, ஒரு டிரம்பெட், ஆறு செண்டை. நன்றாகவே இருந்தது, பொய் சொல்லவில்லை. அந்த டிரம்பெட்டைக் கேட்டபோது, மலையிலிருந்து பட்டணத்துக்கு இறங்கிப் போய் எக்காளத்தைச் சேர்த்துக்கொண்ட அந்தத் தீவுக்காரர்கள் ஞாபகம் வந்தது. பிஸ்கட் டின் ஞாபகம் வந்தது. அரை மணி நேரம் நான் அந்தக் கிதார்க்காரர் பக்கத்தில் உட்கார்ந்து கேசட் கேட்கிற ஆளாகத்தான் இருந்தேன். பொன்னுத்தாய் என் பக்கத்தில் பிளாஸ்டிக் நாற்காலியில் இருந்தாள். அவள் ஆடுவதை விட்டுப் பல வருஷம் ஆகிறது. இப்போது அவளுடைய தம்பி மகள்மேல் ஆத்தா வருகிறாள்.

மூன்றாவது சுற்றில் அந்தப் பெண்ணின் கை தாழ்ந்தது. பேடு வாசித்த தம்பி முதலில் கிலுக்குச் சத்தத்தை அணைத்தான். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. செண்டைகள் ஓய்ந்தன, தவில் இடது பக்கம் இறங்கியது, டிரம்பெட் ஒரே சுரத்தில் நின்றது. நான் பதறிப்போய்ச் செய்த அதே வரிசை, ஒன்று விடாமல். தாளக்காரத் தம்பி முன்னால் வந்து, அளவெடுத்த மாதிரி பாதி உடம்பை வளைத்துப் பின்னால் நடக்க ஆரம்பித்தான்.

பொன்னுத்தாய் என் முழங்கையை இடித்தாள். "அண்ணே, அவன் எங்க பாக்கான்?"

உடம்பு வளைந்திருந்தது, தலை நிமிர்ந்திருந்தது. எதிரே ஒருத்தன் தூக்கிப் பிடித்த செல்போனைப் பார்த்துக்கொண்டிருந்தான். அந்தப் பெண் ஈரச் சாக்கைத் தாண்டி வெறும் சிமெண்டில் ஆடிக்கொண்டிருந்தாள். அவன் தாளம் ஒரு பக்கம், அவள் கால் ஒரு பக்கம்.

எழுபது வயதில் கூட்டத்துக்குள் எப்படிப் புகுந்தேன் என்று தெரியவில்லை. அவன் பிடரியில் கைவைத்து அழுத்தினேன். "காலப் பாருலே."

பார்த்தான். பார்த்ததும் பிடித்துக்கொண்டான், கெட்டிக்காரன். நாலே தட்டில் அவள் காலோடு சேர்ந்து, சாக்குக்குக் கொண்டுவந்து, அங்கிருந்து நிழலுக்குக் கொண்டுவந்துவிட்டான்.

பூஜை முடிந்ததும் என்னைத் தேடிக்கொண்டு வந்தான். கோபம் தெரிந்தது, மரியாதையும் இருந்தது. "தாத்தா, குனிஞ்சு பின்னால நடக்கணும், அதான் முறைன்னு சொல்லிக் குடுத்தாக. காலப் பாக்கணும்னு ஒருத்தரும் சொல்லலையே."

ஒருத்தரும் சொல்லவில்லைதான். சொல்ல வேண்டியவன் நான். முதல் தப்பில் ஒருத்தியின் கால் போனது. இரண்டாவது தப்பு, அதை மறைத்தது. அதில் இன்னும் எத்தனை கால் போயிருக்குமோ, எனக்குத் தெரியாது. அவனிடம் முழுவதையும் சொன்னேன், இங்கே எழுதியிருப்பது போலவே. அவன் நம்பின மாதிரித் தெரியவில்லை. கிழவன் ஏதோ பெருமைக்குச் சொல்கிறான் என்று நினைத்திருப்பான்.

பொன்னுத்தாய் நாற்காலியில் இருந்தபடியே வலது கால் செருப்பைக் கழற்றினாள். காலை முன்னால் நீட்டி, உள்ளங்காலை அவன் பக்கம் திருப்பினாள்.

"இந்தா, பாத்துக்கோ."

அவன் குனிந்தான். அன்று முழுக்க அவனாகக் குனிந்ததில் அது ஒன்றுதான் ஒழுங்கு.